ஒன்பது ஆண்டுகள், மூன்று தொடக்கங்கள்

வார்ஹாமர் 40,000 நாவல்களை எங்கிருந்து தொடங்குவது என்று 2015இல் நான் கேட்டபோது கிடைத்த பதில், ‘ஹோரஸ் ஹெரஸி’ வரிசையின் முதல் புத்தகம். அட்டையில் ஒன்று என்று எண் போட்டிருந்தது. கதை நடக்கும் காலமும் மற்ற நாவல்களுக்குப் பத்தாயிரம் ஆண்டுகள் முந்தையது. எண்ணும் காலமும் இப்படி ஒத்துப்போகும்போது யோசிக்க என்ன இருக்கிறது? நானும் யோசிக்கவில்லை. ஆறாவது புத்தகத்தில் மூச்சு முட்டி நின்றவன், இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இது ஒருவர் எழுதிய உலகம் கிடையாது. பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட மேசை விளையாட்டுதான் மூலம். சின்னச் சின்னப் பொம்மை வீரர்களுக்கு வண்ணம் பூசி, அணிவகுத்து, பகடை உருட்டி மோதவிடும் விளையாட்டு. அதன் விதிப்புத்தகங்களில் இருந்த கதைத் துணுக்குகள்தான் பிறகு நாவல்களாகப் பெருகின. 1997இல் அதற்கென்றே பிளாக் லைப்ரரி என்ற பதிப்பகமும் வந்தது. ஹோரஸ் ஹெரஸி மட்டும் 2006 முதல் 2019 வரை 54 புத்தகங்கள். அதற்குப் பிறகு தலைநகர முற்றுகை என்று எட்டு பாகங்கள். எட்டாவது பாகம் மூன்று தொகுதிகளாக உடைந்து 2024இல்தான் முடிந்தது. இத்தனையும் அந்த உலகத்தின் ஒரே ஒரு போர்.

முதல் புத்தகத்தை எழுதியவர் டான் ஆப்னெட். நன்றாகவே எழுதியிருக்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஹோரஸ், மனிதகுலப் பேரரசரின் தலைமைத் தளபதி. அவன் பேரரசரைக் கொன்றான் என்றுதான் நாவல் தொடங்குகிறது. கொல்லப்பட்டவன் வேறு ஒரு கிரகத்தில் தன்னைப் பேரரசன் என்று சொல்லிக்கொண்டவன் என்பது பிறகு தெரியும். இந்த உலகத்தின் பழைய வாசகன் அந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். ஹோரஸ் துரோகியாவான், அவன் கையால் காயப்பட்ட பேரரசர் செத்தும் சாகாமலும் பொற்சிம்மாசனத்தில் பத்தாயிரம் ஆண்டுகள் கிடப்பார், அவருக்காக நாள்தோறும் ஆயிரம் பேர் பலியாவார்கள் என்பதெல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். எனக்குத் தெரியாது. ஏதோ தகவல் என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் விழுவான் என்று தெரியாமல் யாரும் பாய் விரித்து உட்காருவதில்லை. எப்படி விழுகிறான், விழுமுன் என்ன பேசுகிறான் என்று பார்க்கத்தான் விடியும்வரை கண் விழிக்கிறார்கள். ஹோரஸ் ஹெரஸியும் அந்த ஜாதி எழுத்துதான். முடிவு தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்ட தொடக்கம். அதைப் புதியவன் கையில் முதலில் கொடுப்பது அவனுக்கும் நல்லதில்லை, புத்தகத்துக்கும் நல்லதில்லை.

ஆறாவது புத்தகத்துக்குத் தனிக் குற்றப்பத்திரிகை வைத்திருக்கிறேன். ஐந்து நாவல்களாக மூண்ட போர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போது, கதை சட்டென்று பின்னோக்கிப் போய் காலிபன் என்ற காட்டுக் கிரகத்தில் குதிரை வீரர்கள் மிருக வேட்டையாடுவதைச் சொல்லத் தொடங்கும். அடையாளத்துக்கு நான் செருகிய பஸ் டிக்கெட் இன்றும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம் 2017இல், ‘ஐசன்ஹார்ன்’ மூன்று நாவல்கள். இதுவும் ஆப்னெட் எழுதியதுதான். முதல் நாவலான ‘ஜீனோஸ்’ 2001இல் வந்தது. மதத்துரோகிகளை வேட்டையாடும் இன்குவிசிட்டர் ஒருவர் தன் கதையைத் தானே சொல்கிறார். மக்கள் நீண்ட குளிர்காலத்தை உறைநிலையில் உறங்கிக் கழிக்கும் ஒரு கிரகத்தில் ஒரு கொலைகாரனைத் துரத்துவதில் கதை தொடங்குகிறது. போர்க்களம் குறைவு, தெருவும் வீடும் விருந்தும் அதிகம். இந்தப் பேரரசில் சாதாரண மனிதன் எப்படிப் பிழைக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்பது இதில்தான் எனக்குத் தெரிந்தது. போலி லத்தீன் சொற்களின் தொல்லையும் இதில் குறைவு. ஹோரஸில் பெயர்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தேன்.

முதல் நாவலில் எதைச் செய்தவர்களை ஐசன்ஹார்ன் எரிப்பாரோ, மூன்றாவதில் அதையே தானும் செய்துகொண்டிருப்பார். ஒவ்வொரு படியும் நியாயமாகவே தெரியும். இதைப் படித்துவிட்டு ஹோரஸுக்குத் திரும்பியபோது முதல் புத்தகம் இரண்டு மடங்கு பிடித்தது. ஆனால் இரண்டாம் புத்தகத்தின் பலவீனமும் பளிச்சென்று தெரிந்தது. அத்தனை பெரிய ஹோரஸ் ஒரு காயம், சில கனவுக் காட்சிகள் என்று அதற்குள்ளேயே தடம் மாறிவிடுகிறான். எனக்கு இன்றுவரை நம்பிக்கை வரவில்லை.

அதற்குப் பிறகு எண்களைப் பார்ப்பதை விட்டேன். 12ஆம் புத்தகமும் 15ஆம் புத்தகமும் பிராஸ்பெரோ என்ற கிரகத்தின் அழிவைத்தான் சொல்கின்றன. ஒன்று எரிக்கப்பட்டவர்கள் பக்கம், மற்றது எரித்தவர்கள் பக்கம். எழுதியவர்களும் வேறு வேறு. இடையில் இருப்பவற்றைத் தள்ளிவைத்து இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பல எழுத்தாளர்கள் ஒரே உலகத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் வாசகனுக்கு என்ன லாபம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்க்கவில்லை. 54இல் நான் படித்தது 31. விட்டவற்றில் பாதி சிறுகதைத் தொகுப்புகள், அவற்றால் எனக்குப் பெரிய இழப்பில்லை. படித்தவற்றிலும் சண்டைக் காட்சிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன; எந்தக் கோட்டை எந்த நாவலில் விழுந்தது என்று கேட்டால் விழிப்பேன்.

மூன்றாவது தொடக்கம் என் அக்கா மகனுடையது. கல்லூரியில் படிக்கிறான், தடித்த புத்தகம் என்றால் ஓடுவான். அவனிடம் சாண்டி மிட்செல் எழுதிய கமிசார் கெய்ன் வரிசையைக் கொடுத்தேன். கமிசார் என்றால் படைவீரர்களை ஒழுங்கில் வைக்கும் அதிகாரி. கெய்னோ ஒரு கோழை. உயிருக்குப் பயந்து ஓடும் திசையிலெல்லாம் வெற்றி குறுக்கே வந்து, பேரரசு அவனை மாவீரன் என்று கொண்டாடும். அவன் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளுக்கு ஆம்பர்லி வெய்ல் என்ற இன்குவிசிட்டர் அடிக்குறிப்பு எழுதி, அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் நாசூக்காகப் போட்டு உடைப்பார். பயல் ஒரு மாதத்தில் மூன்று நாவல்களை முடித்துவிட்டான். தொடங்குவதற்கு இதைவிட எளிதான வாசல் கிடையாது.

ஆனால் இந்த வாசலுக்கும் ஒரு கோணல் உண்டு. அந்த உலகமே வேடிக்கை என்று அவன் முடிவுகட்டிவிட்டான். அதில் தவறும் சொல்ல முடியாது; 1987இன் மூல விளையாட்டில் பகடி நிறையவே இருந்தது. அடுத்து அவனிடம் ‘நைட் லார்ட்ஸ்’ மூன்று நாவல்களைக் கொடுத்தேன். ஆரன் டெம்ப்ஸ்கி-போடன் எழுதியவை, கொடூரமானவை, எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு வாரத்தில் முதல் நாவலை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

“பாதிகூடத் தாண்ட முடியவில்லை மாமா. இதில் அடிக்குறிப்பு போட யாருமே இல்லையே.”

அடுத்து ஜீனோஸ் எடுத்துப்போயிருக்கிறான்.