பத்து வயதுக்குப் பின் பிக்கப்: டொயோட்டா 86 ஆட்டோவா, கோல்ஃப் ஜிடிஐ டிஎஸ்ஜியா?

சிங்கப்பூரில் ஒரு காரின் வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் ஒன்று காரைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும், அல்லது அந்தச் சான்றிதழ் ஏலத்தின் முந்தைய மூன்று மாத விலைகளின் சராசரியைக் கட்டி ஐந்து ஆண்டுகளுக்கோ பத்து ஆண்டுகளுக்கோ சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். 2023இல் நான் பழைய விளையாட்டுக் கார் ஒன்றைத் தேடியபோது, என் வரவுசெலவுக்குள் வந்த இரண்டும் 2013இல் பதிவாகி அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தவை. ஒன்று டொயோட்டா 86, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். மற்றொன்று ஆறாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, டிஎஸ்ஜி என்ற ஆறு கியர் தானியங்கிக் கியர்பெட்டியோடு. மேனுவல் கியர் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. மனைவியிடம் இருப்பது 3ஏ உரிமம், அதை வைத்து ஆட்டோமேட்டிக் கார் மட்டுமே ஓட்ட முடியும்.

வாங்கியது 86ஐ. ஆகவே இந்த அலசலில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

எல்லாரும் அறிந்த ஒப்பீட்டை முதலில் முடித்துவிடுகிறேன். காகிதத்தில் ஜிடிஐயே வேகமான கார். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் அதன் டர்போ எஞ்சின் 210 குதிரைத்திறனும் 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது, அந்த முறுக்குவிசை நிமிடத்துக்கு 1,700 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட நிறுவனம் சொல்லும் நேரம் 6.9 விநாடி. டர்போ இல்லாத 86இன் எஞ்சினுக்கு 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர். அதுவும் 6,400 சுற்றுக்கு மேல் போனால்தான் முழுதாகக் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வடிவத்துக்கு நூறை எட்ட 8.2 விநாடி. இரண்டும் ஏறக்குறைய ஈராயிரம் சிசி என்பதால் சாலை வரியில் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. பத்து வயதுக்குப் பின் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி ஐம்பதில் நிற்கும் கூடுதல் வரியும் இரண்டுக்கும் பொது. இருக்கை வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவற்றில் ஜிடிஐக்கு எதிராக 86 வாய் திறக்கவே முடியாது.

எனக்கு முன் இருந்த கேள்வி வேறு. புதிதாக இருந்தபோது பெற்ற வேகத்தில் எவ்வளவை இந்தக் கார்கள் பத்து ஆண்டுகளில் இழந்திருக்கும், இழந்ததை எவ்வளவு செலவில் மீட்கலாம் என்பதே அது. “வண்டிக்கு வயசாகிவிட்டது, பிக்கப் போய்விட்டது” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வயதான உலோகம் தானாக மந்தமாவதில்லை. எங்கோ ஓரிடத்தில் விசை கசிகிறது. அது எஞ்சினிலா, கியர்பெட்டியிலா என்று பிரித்தறியாமல் செலவு செய்யத் தொடங்கினால், பட்டறைக்காரர் சொல்லும் வரிசையில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

பிரித்தறிவது அவ்வளவு கடினமன்று. விரைவுச்சாலையில் நுழையும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி, சுற்று காட்டும் முள்ளையும் வேகம் காட்டும் முள்ளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுற்று விரைந்தேறியும் வேகம் பின்தங்கினால் கியர்பெட்டி வழுக்குகிறது. இரண்டும் ஒன்றாகவே, ஆனால் சோம்பலாக ஏறினால் குறை பெரும்பாலும் எஞ்சினிடம் இருக்கிறது.

எஞ்சின் பக்கத்தில் இழப்பதற்கு ஜிடிஐயிடம் அதிகம் உண்டு. டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாய்கள் வெப்பத்தில் காய்ந்து வெடித்தால் அழுத்தம் கசியும். அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வின் சவ்வு கிழிந்தாலும் இதே கதைதான். அந்த எஞ்சினில் பெட்ரோல் நேரடியாக எரியறைக்குள் பீய்ச்சப்படுவதால், உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகை பெட்ரோல் கழுவுவதில்லை. எண்ணெய் ஆவி படிந்து கரியாகி, நாளடைவில் காற்று செல்லும் வழி குறுகிவிடுகிறது. 86இன் எஞ்சினில் நேரடிப் பீய்ச்சலோடு, உள்ளிழுக்கும் வழியில் பீய்ச்சும் இரண்டாவது அமைப்பும் இருப்பதால் இந்தக் கரித்தொல்லை அதற்குப் பெரிதாக இல்லை. தேய்ந்த ஸ்பார்க் பிளக், அழுக்கேறிய காற்றுமானி, அடைபட்ட புகைவடிகட்டி ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை, தீர்வும் எளிது.

86ஐப் பார்க்கப் போகிறவர்களுக்கு இடையில் ஓர் எச்சரிக்கை. ஏறத்தாழ 3,500 முதல் 4,500 சுற்று வரை அந்த எஞ்சினின் முறுக்குவிசையில் ஒரு பள்ளம் உண்டு. புதுக்காரிலேயே இருந்த பள்ளம் அது. அதை வயதின் குறையென்று எண்ணி நல்ல காரைத் தட்டிக்கழித்தவரையும் கண்டேன், அதையே சொல்லி விலையைக் குறைத்தவரையும் கண்டேன்.

இனி கியர்பெட்டி. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டிஎஸ்ஜி என்பது இரட்டைக் கிளட்ச் கொண்ட கியர்பெட்டி. 2003இல் கோல்ஃப் ஆர்32 காரோடு சந்தைக்கு வந்தது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்த கியர் தயாராக நிற்கும். ஜிடிஐயில் உள்ள ஆறு கியர் வகையில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடி வேலை செய்கின்றன. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நேரடிப் பிடிப்பு இருப்பதால், நல்ல நிலையில் உள்ள டிஎஸ்ஜியைப் போல விசையை வீணாக்காமல் கடத்தும் ஆட்டோமேட்டிக் பெட்டிகள் அரிது என்றே சொல்லலாம்.

ஆனால் அந்தப் பிடிப்புக்கு ஒரு விலை உண்டு. கார் ஊரும்போது வழுக்க வேண்டியது அதே கிளட்ச் தட்டுகள்தாம். வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் மலேசியாவின் ஜோகூரை நோக்கி ஊர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம், கார் நீளத்துக்கு ஒருமுறை அசைவு. ஒவ்வோர் அசைவிலும் தட்டு கொஞ்சம் தேய்கிறது, தேய்ந்த துகள் எண்ணெயில் கலக்கிறது, அந்த எண்ணெயே கிளட்ச்சை அழுத்தும் நுண்ணிய வால்வுகள் வழியாகவும் ஓடுகிறது. வால்வுகளில் அழுக்குப் படிந்தாலோ தட்டு மெலிந்தாலோ, கட்டுப்பாட்டுக் கணினி அழுத்தும் அளவை மாற்றி மாற்றி ஈடுகட்டும். ஈடுகட்டும் எல்லை முடிந்தபின், அல்லது கிளட்ச் சூடேறும்போது, தட்டுகளைக் காக்கும்பொருட்டு எஞ்சினின் முறுக்குவிசையைக் குறைக்கச் சொல்லும். ஓட்டுநருக்குத் தெரிவது “பிக்கப் இல்லை” என்பது மட்டும். எஞ்சின் உண்மையில் நலமாகவே இருக்கும்.

86இல் உள்ளது பழைய முறை. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் இடையே டார்க் கன்வெர்ட்டர், அதாவது எண்ணெயின் ஓட்டத்தாலேயே விசையைக் கடத்தும் உருளை. ஊரும்போது வழுக்குவது எண்ணெய்தான். தேய்வதற்கு அங்கே தட்டு இல்லை, சூடு மட்டுமே உண்டாகிறது. புறப்படும் கணத்தில் நடுவிலுள்ள ஸ்டேட்டர் சக்கரம் எண்ணெயைத் திருப்பிவிடுவதால் முறுக்குவிசை பெருகி, இரண்டு மடங்கை நெருங்கும். அந்த ஸ்டேட்டர் ஒருபக்கம் மட்டும் சுழலும் தாங்கியின்மேல் நிற்கிறது. தாங்கி கெட்டு இருபக்கமும் சுழலத் தொடங்கினால், புறப்படும்போது மட்டும் கார் செத்ததுபோல் இருக்கும், வேகமெடுத்தபின் சரியாகிவிடும். இறுகிப்போனால் நேர்மாறு: புறப்பாடு நன்றாக இருக்கும், வேகத்தில் மூச்சு வாங்கும், எண்ணெய் கொதிக்கும். இப்படியொரு பழுது வந்தால் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும். நல்லவேளையாக இது அடிக்கடி நிகழ்வதன்று.

அடிக்கடி நிகழ்வது எண்ணெய் கெடுவது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் கியர்களை மாற்றும் கிளட்ச் தொகுதிகளும், வேகமான ஓட்டத்தில் கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் கிளட்ச்சும் இருக்கின்றன. இவற்றின் பிடிப்பு எண்ணெயில் உள்ள சேர்மானங்களைப் பொறுத்தது. சூட்டில் எண்ணெய் கருகும்போது அந்தச் சேர்மானங்கள் அழிகின்றன, ரப்பர் அடைப்புகள் விறைக்கின்றன, அழுத்தம் குறைகிறது. பூட்டும் கிளட்ச் பிடித்தும் பிடிக்காமலும் நடுங்குகிறது. எண்பது பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்து பாகை சூட்டுக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் ஒரு தோராயக் கணக்கு. நம் ஊர் வெயிலில், நெரிசலில், அந்தச் சூட்டுக்குக் குறைவில்லை.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூரின் பத்தாண்டு விதி குறுக்கிடுகிறது. பத்தாம் ஆண்டில் உடைக்கப்போகும் காருக்கு எட்டாம் ஆண்டில் கியர்பெட்டி எண்ணெய் மாற்ற எந்த உரிமையாளர் முன்வருவார்? “ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்” என்று பல ஆட்டோமேட்டிக் பெட்டிகளைப் பற்றி நிலவும் பேச்சு அவருக்கு வசதியாகவும் அமைந்துவிடுகிறது. யாருடைய ஆயுள், எத்தனை ஆண்டு என்று அவர் கேட்பதில்லை. சான்றிதழைப் புதுப்பித்து வாங்கும் நம்மைப் போன்றவர் தலையில் அந்தப் பத்தாண்டு எண்ணெய் விடிகிறது. டிஎஸ்ஜிக்கு இதில் ஓர் அனுகூலம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்ற வேண்டும் என்பது அதற்கு எழுதப்பட்ட விதி, ஆகவே பராமரிப்புப் புத்தகத்தைப் புரட்டினாலே உண்மை தெரிந்துவிடும். நான் பார்த்த இரண்டு ஜிடிஐகளில் ஒன்றில் அந்தப் பதிவுகள் ஒழுங்காக இருந்தன; கார் அம்புபோல் பாய்ந்தது. விற்றவர் அதன் அருமை அறிந்தவர், விலையில் இறங்கவில்லை. இன்னொன்றில் புத்தகமே இல்லை.

நான் வாங்கிய 86இலும் எண்ணெய் மாற்றிய பதிவு கிடையாது. அறிந்தே வாங்கினேன். எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தரையில் அதிர்வுக்கோடு போட்டதுபோல் ஒரு நடுக்கம். நுழைவுச்சாலையில் அழுத்தினால் சுற்று முள் முந்திக்கொண்டு ஓடும். முதலில் காட்டிய பட்டறையில் முழுக் கியர்பெட்டியையும் மாற்றச் சொன்னார்கள். இரண்டாவது பட்டறையின் மூத்த மெக்கானிக் எண்ணெயை வடித்துத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். கறுப்பு, தீய்ந்த வாடை, ஆனால் உலோகத் துகள் இல்லை. “துகள் இருந்தால் நானே பெட்டியை இறக்கச் சொல்வேன், தம்பி. இது வெறும் பட்டினி,” என்றார்.

ஒருமுறை வடித்தால் எல்லா எண்ணெயும் வெளியேறாது, கன்வெர்ட்டருக்குள் பெரும்பகுதி தங்கிவிடும். தடவைக்கு நாற்பது விழுக்காடு மாறுவதாகக் கொண்டாலும், மூன்று தடவையில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு புதிதாகிவிடும். அதனால் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை வடித்து நிரப்பினோம். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை அவர் மறுத்துவிட்டார். பழைய எண்ணெயில் மிதக்கும் தேய்மானமே தேய்ந்த தட்டுகளுக்குப் பிடிப்புத் தருகிறது, திடீரென்று கழுவினால் வழுக்கல் கூடும் என்பது ஒரு சாராரின் வாதம். அதை மறுக்கும் மெக்கானிக்குகளும் உண்டு. ஒரே ஒரு காரின் அனுபவத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்தப் பெட்டியில் அளவு பார்க்கும் கோல் இல்லை. எண்ணெய் நாற்பது பாகைச் சூட்டை ஒட்டி இருக்கும்போது வழிதுளையைத் திறந்து அளவைச் சரிபார்க்க வேண்டும். சூட்டைப் பார்க்காமல் நிரப்பும் பட்டறையிடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் முறைக்குப் பின் நடுக்கம் நின்றது. மூன்றாம் கியரிலேயே வைத்து ஐம்பதிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் வரை, மனைவி பக்கத்தில் அமர்ந்து கைப்பேசியில் படம்பிடித்துக் கணக்கிட்டதில், முன்பைவிட ஏறத்தாழ ஒரு விநாடி குறைந்தது. கைக்கணக்குதான், சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் அந்த வேறுபாடு இருக்கையில் முதுகுக்கே தெரிந்தது. செலவானது எண்ணெய்க்கும் கூலிக்கும் மட்டும்.

தட்டு மெலிந்த டிஎஸ்ஜிக்கு எண்ணெய் மாற்றி இப்படி மீள முடியாது. கிளட்ச் தொகுதியை மாற்றி, கணினிக்குப் புதிய தட்டின் அளவைக் கற்பிக்க வேண்டும். நுண்வால்வுத் தொகுதியும் சேர்ந்து போயிருந்தால் செலவு இன்னொரு படி ஏறும். 86 என் கையில் நின்றது இதனால்தான். வேகத்தால் என்று சொன்னால் அது பொய்யாகும். ஒரு விநாடியை இழந்த ஜிடிஐகூட நலமாக உள்ள 86 ஆட்டோவை முந்திவிடும், கணக்கைப் போட்டுப் பாருங்கள். சட்டப்படி தொண்ணூறுக்கு மேல் போக முடியாத விரைவுச்சாலைகளில் அந்த வேறுபாட்டை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்பது தனிக் கேள்வி.

ஜிடிஐயை நான் நீண்டகாலம் ஓட்டியதில்லை. சோதனை ஓட்டங்களும் பட்டறைகளில் கண்டு கேட்டதுமே என் அனுபவம். அறுபதாயிரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய பதிவு முத்திரையோடு இருந்து, நீங்கள் கடற்பாலத்தில் வாராவாரம் ஊராதவராக இருந்தால், அதைத் தயங்காமல் எடுக்கலாம். பதிவு இல்லாத ஜிடிஐயும் பதிவு இல்லாத 86உம் ஒரே விலைக்கு நின்றால் 86இன் அடியில் குனிந்து பாருங்கள். விற்பவர் ஒரு சொட்டு எண்ணெயை வடித்துக்காட்டச் சம்மதிக்காவிட்டால் அதையும் விட்டுவிட்டு வாருங்கள்.

என் காருக்கு அடுத்த எண்ணெய் மாற்றம் இன்னும் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியபின். தேதியையும் ஓடிய தூரத்தையும் எண்ணெயின் பெயரையும் பராமரிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன். பட்டறை முத்திரையும் வாங்கிவிட்டேன்.