கார்புரேட்டரைத் திறப்பதா, டேங்கிலிருந்து தேடி வருவதா?

பழைய கார் மேட்டில் திணறினால் அதைப் பார்க்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி பானெட்டைத் தூக்கியதும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் நேராகக் கை வைக்கும். மற்றது வண்டியின் பின்பக்கம் போய், டேங்க் மூடியில் தொடங்கி, பெட்ரோல் வரும் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு முன்னால் வரும். கார்புரேட்டரையே புதிதாக வாங்கி மாட்டிவிடுங்கள் என்று சொல்லும் மூன்றாவது கூட்டமும் உண்டு. பழுது எங்கே என்றே தெரியாத நிலையில் அது வீண்செலவு என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

தருமபுரியில் நான் ஓட்டுவது 1990களின் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் மாடல். சமதரையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றுவிடும். ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஒரு பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் கார்புரேட்டர் சர்வீஸ் என்று சீட்டு எழுதினார்கள். நான் இரண்டாவது வழிக்குப் போனேன்.

எந்த வழியானாலும் கோளாறு பெட்ரோலிலா மின்சாரத்திலா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி தயங்கித் தயங்கி நிற்கும். பிளக்கின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலோ கண்டென்சரோ சூடேறிக் கைவிட்டால் சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும்.

கார்புரேட்டரை முதலில் திறப்பவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐட்லிங்கில் மட்டும் எஞ்சின் அணைந்து, வேகத்தில் நன்றாக ஓடினால், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளையான பைலட் ஜெட்டையோ அதன் மின்வால்வான சோலனாய்டையோதான் பார்க்க வேண்டும். கரும்புகை வந்து, ஸ்பார்க் பிளக் கரியாகி, பானெட்டுக்குள் பெட்ரோல் நாற்றமும் அடித்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டோ, அது திறந்து மூடும் நீடில் வால்வோ சரியில்லை. அப்போது டேங்கடியில் படுத்துத் தேடுவது நேரத்தை வீணாக்குவதுதான்.

ஆனால் ஏற்றத்தில் மட்டும் திணறும் வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது. காரணம் பராமரிப்பு. கார்புரேட்டரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் ஆயுளில் கொஞ்சம் போகிறது. ஃப்ளோட் அறையின் மேல் கசிவைத் தடுக்க இருக்கும் கேஸ்கட் பல ஆண்டுகள் பெட்ரோலில் ஊறி, உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கும். மூடியைத் தூக்கினால் பாதி மேலேயும் பாதி கீழேயும் பிய்ந்து வரும். ஜெட்டுகள் பித்தளை. அளவு பொருந்தாத ஸ்குரூ டிரைவரைப் போட்டுத் திருகினால் தலையிலுள்ள வெட்டு மழுங்கிவிடும், அடுத்தவரால் கழற்றவே முடியாது. அடைப்பை எடுக்கிறேன் என்று மெல்லிய கம்பியை விட்டுக் குத்துவது இதைவிட மோசம். துளை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் செலவு ஏறிவிடும். எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் வேக்யூம் குழாய்களில் ஒன்று இடம் மாறிவிட்டாலோ, இல்லாத நோய் ஒன்று புதிதாகச் சேரும். உதிரிப் பாகங்கள் அருகிவரும் வண்டியில் இத்தனையையும் துணிந்து செய்ய வலுவான காரணம் வேண்டும்.

இதில் நோய் தீர்ந்ததுபோல் பொய்யாகத் தோன்றுவதும் உண்டு. ஃப்ளோட் அறையில் தங்கிய துருப்பொடியைக் கழுவி, காற்றடித்து மாட்டியதும் வண்டி சில நாள் பறக்கும். பழுது கார்புரேட்டரில்தான் இருந்தது என்று நம்பிவிடுவோம். பொடியை அனுப்பிய டேங்க் அப்படியேதான் இருக்கிறது. மறுபடி அடைக்கும், மறுபடி திறப்பார்கள்.

டேங்கிலிருந்து வரும் வழியில் பெரும்பாலும் எதையும் பிரிக்கவே வேண்டாம். வண்டி நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி கிளம்பினால் டேங்குக்குள் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. அடுத்தது கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கண்ணாடி. அதன் நடுவிலுள்ள புள்ளியின் மட்டத்தில் பெட்ரோல் தெரிய வேண்டும். நின்ற கையோடு பார்த்தபோது மட்டம் கீழே இறங்கிக் கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. புள்ளியில் நின்றால் வரத்தில் குறையில்லை, அதற்குப் பிறகு ஜெட்டைச் சந்தேகிக்கலாம். கார்புரேட்டர் மூடியைத் தொடாமலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

என் வண்டியில் மட்டம் இறங்கியிருந்தது. எஞ்சின் ஓடும்போது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டரில் குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. டேங்கை ஒட்டிய ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரமும் இல்லை, வாசனையும் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற குழாயை வாங்கி மாட்டியதும் தொப்பூர் தொந்தரவு தீர்ந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்தது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. டேங்கில் படிந்த பழைய பிசினையும் அது கரைத்துக் கிளப்பும் என்பதால் ஃபில்டரை முன்பைவிட அடிக்கடி மாற்றுகிறேன்.

குழாயிலும் குறையில்லை என்றால் பம்ப். காயில் வயரைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் விட்டு விட்டுப் பலமாகப் பீய்ச்ச வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு, பீடி சிகரெட் பற்றவைப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. ஆயில் அளவுக் கம்பியில் பெட்ரோல் வாசனை அடித்தால் பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்னும் சவ்வு கிழிந்திருக்கலாம்.

இந்த வழிக்கும் ஒரு ஓட்டை உண்டு. சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் நின்று நின்று போகும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றால், பட்டறைக்கு வந்து ஆறிய பிறகு எந்தச் சோதனையிலும் அது சிக்காது. நின்ற இடத்திலேயே பம்பின் மீது ஈரத்துணி போட்டுப் பார்ப்பதுதான் சோதனையும் வைத்தியமும். இதற்காக மின்சாரப் பம்ப் பொருத்திக்கொண்டவர்கள் புகழ்கிறார்கள். நான் அதை வைத்து அதிகம் ஓட்டியதில்லை. கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் காரின் பம்பைக் கொண்டுவந்து மாட்டினால் அந்த அழுத்தத்தை நீடில் வால்வு தாங்காது என்பதை மட்டும் சொல்ல முடியும். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் டேங்க் பக்கத்துச் சோதனைகள் அப்படியே பொருந்தும். அவற்றின் கார்புரேட்டர் அமைப்பு வேறு, அதில் நான் கை வைத்ததில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு கார்புரேட்டரைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால், புதிய கேஸ்கட் கைக்கு வந்த பிறகே மூடியைத் தொடச் சொல்லுங்கள்.