பானட்டுக்குக் கீல் முன்னாலா, பின்னாலா? வீட்டில் கட்டும் காருக்கு ஒரு நேரடி ஒப்பீடு

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் மூன்று வருடமாக ஒரு ரெண்டு சீட் திறந்த காரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓம்னியின் 796 சிசி இன்ஜின், அதே வண்டியின் பின் ஆக்சில், சதுரக் குழாயில் நாங்களே வெல்டிங் செய்த ஃபிரேம், மேலே ஃபைபர் உடம்பு. ரோட்டுக்குப் பதிவு செய்யும் எண்ணம் இல்லை, மாமாவின் ரப்பர் தோட்டத்துப் பாதையில் ஓட்டத்தான். இதில் என்னை அதிகம் அலைக்கழித்தது இன்ஜினோ பிரேக்கோ அல்ல, பானட். ஒன்றைச் செய்து, உடைத்து, மறுபடி செய்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். முன் கண்ணாடிக்குக் கீழே கீல் (அதாவது பின் கீல்), மூக்குப் பக்கம் லாக், அம்பாசிடர் மாதிரி முன்பக்கம் வாய் திறக்கும். மூக்கின் இரண்டு ஓரத்திலும் ஜீப்பில் வரும் ரப்பர் கொக்கி. திருநெல்வேலியில் பெயிண்ட் அடித்துவிட்டு, போன ஆடியில் லாரியில் ஏற்றித் திரும்பி வருகிறோம். முப்பந்தலில் அந்த நேரத்துக் காற்று எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சும்மாவா அத்தனை காற்றாலையை அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள். போகும்போது காற்று முதுகில், அதனால் ஒன்றும் தெரியவில்லை. வரும்போது மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து நேராக மூஞ்சியில். லாரி குலுக்கலில் ஒரு ரப்பர் கொக்கி கழன்றது, அடுத்தது கிழிந்தது, பானட் மல்லாந்து கண்ணாடி ஃபிரேமில் போய் அறைந்தது. இறக்கிப் பார்த்தால் கீல் போல்ட்டைச் சுற்றி ஃபைபர் அப்பளம் மாதிரி உரிந்து, உள்ளே இருந்த மேட்டின் (கண்ணாடியிழை விரிப்பின்) நூல் வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டால் ஆச்சரியமே இல்லை. லாரி 60 கிலோமீட்டர் வேகம், எதிர்க்காற்று ஒரு 30 என்று வையுங்கள், மொத்தம் 90. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 375 நியூட்டன் அழுத்தம் வரும். என் பானட் நீளம் 110 செ.மீ, அகலம் 120 செ.மீ, பரப்பு 1.3 சதுர மீட்டர். நிமிர்ந்து நின்றால் கிட்டத்தட்ட 50 கிலோ எடை காற்றிலிருந்து மட்டும். அதை மூன்று மில்லி ஃபைபரில் போட்ட நான்கு போல்ட் எப்படித் தாங்கும்?

பின்னால் கீல் வைப்பதில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. ரேடியேட்டர், பெல்ட், பேட்டரி எல்லாம் முன்னால் நின்று குனிந்தால் கைக்கு வரும். கீல் பலமான ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள தடுப்பில்) உட்காரும். ஆக்கர்கடையில் (வெளியூர்க்காரர்களுக்கு, காயலான் கடை) எந்தப் பழைய காரிலிருந்தும் லாக்கும் கேபிளும் அப்படியே கிடைக்கும். ஆனால் அந்த லாக்கோடு ரெண்டாவது கொக்கியையும் கண்டிப்பாக எடுத்து வந்து பொருத்த வேண்டும், முதல் லாக் விட்டாலும் பானட்டை ஒரு விரல் இடைவெளியில் பிடித்து நிறுத்துவது அதுதான். திறந்தால் டிரைவரின் பார்வையை மறைக்கிற மாதிரி முன்பக்கம் வாய் திறக்கும் பானட்டுக்கு இந்த இரண்டாவது பிடிப்பு இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் தனி விதியே உண்டு. நான் அதை வைக்கவில்லை. ரப்பர் கொக்கி ரெண்டு இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று என்று நினைத்தேன். ஒன்று போனதும் மொத்தப் பாரமும் அடுத்ததில் விழும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

பின் கீலில் இன்னொரு தொந்தரவு கீலின் அச்சு எங்கே நிற்கிறது என்பது. வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று அச்சை பானட் மேல்பரப்புக்கு 50 மி.மீ கீழே வைத்தேன். நேர் மேலே இருக்கும் பானட் ஓரம், 60 டிகிரி திறக்கும்போது 43 மி.மீ பின்னால் தள்ளும். பின்னால் என்ன இருக்கிறது? கண்ணாடியின் அடித்தகடு. பெயிண்ட் உரசும், இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய இடைவெளி விடவேண்டும். கம்பெனிக் கார்களில் வாத்துக்கழுத்து மாதிரி வளைந்த கீலோ நான்கு கை கீலோ வைப்பது இதற்காகத்தான். வீட்டில் அதைச் சரியாகச் செய்வது பெரும்பாடு.

இதே கணக்கை முன் கீலுக்குப் போட்டபோதுதான் எனக்கு மனது மாறியது. அச்சு கீழே இருந்தால் ஓரம் முன்னால் தள்ளும், ஆனால் முன்னால் காற்றைத் தவிர ஒன்றுமே இல்லை. அதனால் சாதாரண ஒற்றை அச்சுக் கீல் போதும், அதையும் மூக்குக்குள் நன்றாகக் கீழே ஒளித்துவிடலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான், அச்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உதடு திறக்கும்போது கீழே இறங்கும். 150 மி.மீ உதடு 60 டிகிரிக்கு 130 மி.மீ இறங்கும். நம்பர் பிளேட்டிலோ பம்பரிலோ இடிக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, அட்டையில் வண்டியின் பக்கவாட்டு வடிவத்தை நிஜ அளவில் வெட்டி, பிளைவுட்டில் ஆணி அடித்துச் சுற்றிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. ஆணியை நாலு இடம் மாற்றி அடித்ததில் எனக்குச் சரியான புள்ளி கிடைத்தது.

காற்று விஷயத்தில் பேச்சே இல்லை. ஓடும்போது லாக் விட்டாலும், எதிர்க்காற்று முன் கீல் பானட்டைப் பிடித்து மல்லாத்தாது. பின் ஓரம் கொஞ்சம் எழும்பிப் படபடக்கும், சத்தம் கேட்டு நிறுத்திவிடலாம். எனக்கு மோல்டு போட உதவியவர் தேங்காப்பட்டணம் பக்கத்தில் ஃபைபர் வள்ளம் செய்கிற அண்ணன். உடைந்த பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "மக்கா, கடல்ல போறவன் காத்து எங்கேருந்து வருதுன்னுதான் மொதல்ல பாப்பான். நீ காத்துக்கு நேரா வாயத் தொறந்து வச்சிருக்கியே" என்றார். அடுத்த மோல்டுக்கு அவர்தான் மேட் வெட்டினார்.

ஆனால் முன் கீலுக்கு விலை உண்டு, அதையும் சொல்லவேண்டும். ரேடியேட்டர் மூடிக்கும் பெல்ட்டுக்கும் பக்கவாட்டில் நின்று கையை நுழைக்க வேண்டும். மூக்கில் கீலைத் தாங்க எனக்குத் தனியாக 20 மி.மீ சதுரக் குழாயில் ஒரு குறுக்குச் சட்டம் தேவைப்பட்டது, பானட் பக்கம் போல்ட் வரும் இடத்தில் இரும்புத் தகட்டை ஃபைபருக்குள்ளேயே புதைத்தோம். நேர் வருவதும் சிரமம். ரெண்டு கீலுக்கும் நடுவே 60 செ.மீ என்றால், ஒன்று மற்றதைவிட ஒரு மி.மீ முன்னால் போனாலே 110 செ.மீ தள்ளி இருக்கும் பின் ஓரம் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 2 மி.மீ நகரும், இடைவெளி ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் ஒட்டும். நாங்கள் செய்தது இது: பானட்டை அதன் இடத்தில் வைத்து, சுற்றிலும் ஒரே கனமான பிளைவுட் துண்டுகளைச் செருகி, டேப் போட்டு அசையாமல் ஒட்டி, அதற்கு அப்புறம் கீலைப் புள்ளி வெல்டிங் செய்தோம். போல்ட் ஓட்டைகள் நீளவாக்கில், அப்புறமும் நகர்த்துகிற மாதிரி. அக்கரைப் பாறசாலையிலிருந்து வந்த ஆசாரி, கதவு மாட்டும்போது விஜாகிரியைக் (கீலைத்தான் அப்படிச் சொல்வார்) கடைசியில்தான் முறுக்குவோம் என்றார், அதே முறைதான்.

மழையையும் பார்க்கவேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, முன் கீலில் பின் ஓரம்தான் திறக்கிற ஓரம், அதற்கு நேர் கீழே ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், நனையக் கூடாது. அடித்தகட்டில் 15 மி.மீ உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டி, அதன்மேல் ரப்பர் பீடிங் போட்டேன், தண்ணீர் ரெண்டு பக்கமும் ஓடிவிடுகிறது.

மற்ற இரண்டு வழிகளையும் யோசித்தோம். முழு மூஞ்சியும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாயும் வகை, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பார்த்திருப்பீர்கள், 1961-ல் வந்த ஜாகுவார் இ-டைப்பும் அப்படித்தான். முன் டயர்மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம், எனக்கு ரொம்பப் பிடித்த வடிவம். ஆனால் மோல்டு மூன்று மடங்கு பெரிது, ஹெட்லைட் வயரும் கூடவே சாயவேண்டும், இவ்வளவு பெரிய ஃபைபர் ஓடு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க உள்ளே குழாய்க் கூடு கட்டவேண்டும். முதல் வண்டிக்கு வேண்டாம். கீலே இல்லாமல் நாலு கிளிப்பைத் தட்டிவிட்டு மொத்தமாகத் தூக்கி வைப்பது 1957-ல் வந்த லோட்டஸ் செவன் வழி. எடைக்கும் எளிமைக்கும் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் தோட்டத்து மேட்டில் தனியாக நிற்கும்போது, கழற்றிய பானட்டை எங்கே சாய்த்து வைப்பீர்கள்?

பொருளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, என் அளவுக்கு வெளித்தோல் மட்டும் 0.8 மி.மீ இரும்பில் சுமார் 8 கிலோ, 3 மி.மீ ஃபைபரில் 6, 1.2 மி.மீ அலுமினியத்தில் 4 கிலோவுக்குச் சற்று மேல். அலுமினியம் ஆசையாக இருந்தாலும் இரண்டு பக்கம் வளையும் மூக்கை அதில் தட்டி எடுக்கும் கை இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. ஃபைபர் என்றால் கடற்கரை முழுக்க ஆள் இருக்கிறது.

திறந்த பானட்டைத் தாங்க, பழைய டிக்கியின் கேஸ் ஸ்ட்ரட்டை (மூடியைத் தூக்கிப் பிடிக்கும் வாயுக் குழாயை) அப்படியே மாட்டாதீர்கள். உள்சட்டத்தோடு என் பானட் 10 கிலோ, எடையின் மையம் கீலிலிருந்து 55 செ.மீ. ஸ்ட்ரட்டின் விசை கீலிலிருந்து 20 செ.மீ தள்ளி விழுந்தால், ரெண்டு ஸ்ட்ரட்டுக்குமாகச் சேர்த்து 270 நியூட்டன் போதும். டிக்கி ஸ்ட்ரட் அதைவிட வலுவாக இருந்தால் மூடியிருக்கும்போதே ஃபைபரை இரவும் பகலும் நெம்பிக்கொண்டிருக்கும், சில மாதத்தில் பானட் கோணிவிடும். குழாயின் மேலேயே நியூட்டன் அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள், மூடிய நிலையில் மெல்லிய தண்டு கீழ்ப்பக்கம் வரும்படி மாட்டுங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் ரப்பர் சீல் வளையத்தை நனைத்துக்கொண்டிருக்கும்.

முன் கீல் பானட்டைத் திறந்து வைத்திருக்கும்போது பின்னாலிருந்து காற்று அடித்தால் அது மூக்குப் பக்கமாக மடங்கப் பார்க்கும். அதற்குப் பழைய சீட் பெல்ட் துணியில் 70 செ.மீ வெட்டி, இரு முனையிலும் வாஷர் போட்டு, சட்டத்துக்கும் பானட்டுக்கும் நடுவே கட்டியிருக்கிறேன். இந்த ஆடியில் காற்று வந்ததும் ஷெட்டுக்கு வெளியே நிறுத்தி, திறந்து வைத்துவிட்டுக் கீல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.