மீடியத்தில் குளுட்டமினா, அலனைல்-குளுட்டமினா?

செல் வளர்ப்புக்கு மீடியம் (செல்களுக்கான ஊட்டக் கரைசல்) எடுக்கும்போது அதில் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் எந்த வடிவில் இருக்கிறது என்று பலர் பார்ப்பதில்லை. பாட்டிலைத் திறந்த அன்று பெரிய வித்தியாசம் தெரியாது. சில வாரம் போகட்டும், அப்புறம் தெரியும்.

தனிக் குளுட்டமின் கரைசலில் நிலைக்காது. அதன் ஆல்ஃபா அமினோ தொகுதி தன் பக்கச் சங்கிலியின் அமைடையே தாக்குகிறது. மூலக்கூறு வளையமாக மூடிக்கொள்ள, அம்மோனியா வெளியேறுகிறது. இதற்கு நொதியே தேவையில்லை. ஃபிரிட்ஜில் மெதுவாகவும், 37 டிகிரி இன்குபேட்டரில் வேகமாகவும் நடக்கும். செல்லுக்கு உணவும் குறைகிறது, நஞ்சும் சேர்கிறது. செல்கள் சுணங்கியபோது நான் முதலில் மீடியத்தில் சேர்க்கும் சீரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். குற்றவாளி ஃபிரிட்ஜின் மூலையில் மாதக்கணக்கில் கிடந்த மீடியம்.

அலனைல்-குளுட்டமின் என்ற டைபெப்டைடில் (இரண்டு அமினோ அமிலங்கள் இணைந்த மூலக்கூறு) குளுட்டமினின் அந்த அமினோ தொகுதி அலனினோடு பெப்டைடு பிணைப்பில் கட்டுண்டு கிடக்கிறது. அதனால் வளையம் மூட வழியில்லை. (வரிசை முக்கியம். குளுட்டமின் முதலில் நின்றால் அமினோ முனை திறந்தே இருக்கும், பழைய கதைதான்.) கரைதிறனிலும் இதுதான் முந்துகிறது. தனிக் குளுட்டமின் அறை வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 35 கிராமோடு நின்றுவிடும். 200 மில்லிமோலார் ஸ்டாக்குக்கே (செறிவான இருப்புக் கரைசல்) 29 கிராம் வேண்டும். உறையவைத்ததை உருக்கும்போது அடியில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். டைபெப்டைடோ லிட்டருக்கு 500 கிராமுக்கு மேல் கரையும்.

ஆனால் செல்கள் இதை அப்படியே பயன்படுத்த முடியாது. பெப்டிடேஸ் நொதிகள் வெட்டிய பிறகே குளுட்டமின் கிடைக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அம்மோனியா குறைவாகச் சேர்வது லாபம். மாற்றிய புதிதில் சில செல்வகைகள் தயங்கி வளர்வது நஷ்டம். கிளைசில்-குளுட்டமினும் நிலையானதுதான். ஆனால் பல செல்கள் அதை இன்னும் மெதுவாக வெட்டுவதால் என் பட்டியலில் அது கடைசி.

அன்றாட வளர்ப்புக்கு என் ஓட்டு அலனைல்-குளுட்டமினுக்கு. குளுட்டமின் வளர்சிதை மாற்றத்தையே அளக்கிறீர்களா? தனிக் குளுட்டமினை அன்றன்று சேருங்கள். டைபெப்டைடு வெட்டப்படும் வேகம் உங்கள் அளவீட்டுக்குள் புகுந்துவிடும். குளுட்டமின் சிந்தடேஸ் (செல்லுக்குள் குளுட்டமினைத் தயாரிக்கும் நொதி) மரபணுவை வைத்துச் செல்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இரண்டுமே ஆகாது; அங்கே மீடியத்தில் குளுட்டமினே இருக்கக் கூடாது.

மாற்றும்போது மோலுக்கு மோல்தான் கணக்கு, எடைக்கு எடை அல்ல: 2 மில்லிமோலாருக்கு லிட்டருக்குக் குளுட்டமின் 292 மில்லிகிராம், டைபெப்டைடு 434 மில்லிகிராம்.