சார்ட்டர் பள்ளியும் மாவட்டக் கண்காணிப்பும்: ஒரு பெற்றோரின் ஏழாண்டு அனுபவம்

2017இல் மகளுக்கு வீட்டருகே உள்ள சார்ட்டர் பள்ளியில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் சார்ட்டர் என்றால் அரசுப் பணத்தில், தனி நிர்வாகக் குழு நடத்தும் பள்ளி. கட்டணம் இல்லை. அனுமதி தருவதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டம்தான் (நம் வருவாய் மாவட்டம் அல்ல, பள்ளிகளுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் கீழ் இயங்கும் அமைப்பு).

முதல் சில ஆண்டுகள் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் வகுப்பில் ஆசிரியர் பாதியில் விலகிவிட்டார். ஜூன் வரை மாறி மாறித் தற்காலிக ஆசிரியர்கள். பின்னக் கணக்கை மூன்று பேர் தொடங்கினார்கள், ஒருவரும் முடிக்கவில்லை.

மாவட்டத்துக்கு எழுதினேன். ஆசிரியர் நியமனம் பள்ளி நிர்வாகக் குழுவின் உரிமை என்று பதில் வந்தது. நிர்வாகக் குழுவிடம் போனேன். மாவட்டம் எங்களிடம் எந்தக் குறையும் காணவில்லையே என்றார்கள். அந்தக் கூட்டத்தில் நான் பேச முடிந்ததே பெரிது. சார்ட்டர் நிர்வாகக் குழுக்களும் திறந்த கூட்டம் நடத்த வேண்டும் என்பதை 2019இல் வந்த சட்டம்தான் ஐயமற ஆக்கியது.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். மாவட்டம் ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும், நிதிநிலையைக் கவனிக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பள்ளிக்குப் போக வேண்டும். போய் எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இந்த வேலைக்குப் பள்ளி வருவாயில் 1% வரை கட்டணம், கட்டடமும் வாடகையின்றிக் கொடுத்தால் 3% வரை. இந்தக் கட்டணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் வெடித்த ஏ3 இணையவழிப் பள்ளி மோசடியில் பார்த்தோம்: குட்டிப் பள்ளி மாவட்டங்கள், தங்கள் சொந்தப் பள்ளிகளில் படிப்போரைவிடப் பல மடங்கு மாணவர்களைக் காட்டிய சார்ட்டர்களுக்கு அனுமதி கொடுத்திருந்தன.

மாவட்டத்துக்குப் பல் இருப்பது பெரும்பாலும் அனுமதியைப் புதுப்பிக்கும்போதுதான். 2019ஆம் ஆண்டின் ஏபி 1505 சட்டம் சார்ட்டர் பள்ளிகளை மாணவர் தேர்ச்சியைப் பொறுத்து மூன்று தட்டாகப் பிரித்தது. கடைசித் தட்டுக்குப் பொதுவாக மறுப்பு. விதிவிலக்காகக் கிடைத்தாலும் இரண்டே ஆண்டு. மேல்தட்டுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு. நடுத்தட்டுக்கு ஐந்து. எங்கள் பள்ளி நடுவில். அங்கே இருப்பதுதான் நிர்வாகத்துக்குச் சௌகரியம்: யாரும் பாராட்டுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

அந்தப் புதுப்பிப்பும் தள்ளிப் போனது. பெருந்தொற்றுக்குப் பின் மாநிலம் 2021இல் இரண்டாண்டும் 2023இல் மேலும் ஓராண்டும் நீட்டித்ததால், 2022இல் முடிய வேண்டிய அனுமதி 2025 வரை ஓடியது. அதற்குள் மகள் ஆறாம் வகுப்பு முடித்து வெளியேறிவிட்டாள்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் தோட்டத்தையும் இசை வகுப்பையும் பார்ப்பதற்கு முன், அனுமதி எந்த ஆண்டு முடிகிறது, கடந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்று கேளுங்கள். மாவட்டத்தின் கண்காணிப்பு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

புதுப்பிப்பு விசாரணைக்கு நான் மட்டும் போனேன். மாவட்ட அறிக்கையில் நிதிநிலை பக்கம் பக்கமாக இருந்தது. அந்த நான்காம் வகுப்பைப் பற்றி ஒரு வரியில்லை. எழுந்து அதைக் கேட்டேன். பதில் வருமுன், பேச ஒதுக்கிய இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்துவிட்டது. ஐந்தாண்டு அனுமதி கொடுத்தார்கள்.