வாடகை லென்ஸும் போன 24,400 ரூபாயும்

எனக்குக் கேமரா லென்ஸ் வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் நேற்று சாயங்காலம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். மொத்தம் ரூ.24,400. அதில் 20,000 டெபாசிட், 4,400 நான்கு நாள் வாடகை. வாடகையையாவது கணக்கில் சேர்க்காமல் விடலாமே என்று மனைவி சொல்கிறாள். ஏன் விட வேண்டும்? ஓட்டைப் பொருளுக்குக் கொடுத்த வாடகையும் போன காசுதான்.

குடும்பத்தோடு காட்டுக்குப் போகும்போது பெரிய லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். கோவையில், கல்யாண ஃபோட்டோகிராஃபர்களுக்குக் கேமரா, லைட், ட்ரோன் எல்லாம் வாடகைக்கு விடும் ஒரு மாடிக் கடை. அவ்வளவு போதும்.

நான் தொழிலாகப் படம் எடுப்பவன் இல்லை. ஏழு வருஷப் பழைய கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 55-250. இந்த எண்ணெல்லாம் மில்லிமீட்டர், எண் பெரிசானால் தூரத்தில் இருப்பது பெரிசாகத் தெரியும். மலை, ஏரி, மேகம் என்றால் 18-55 தாராளம். மிருகம் என்று வந்தால் 250 எங்கேயும் பத்தாது. போன தடவை முதுமலையில் எடுத்த புள்ளிமான்கள் எல்லாம் தீப்பெட்டிப் படம் மாதிரி இருந்தன. இந்த அரையாண்டு லீவில் மறுபடி முதுமலை என்று முடிவானதும், ஒரு முறையாவது 600 மில்லிமீட்டரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சொந்தமாக வாங்கினால் ஒரு வருஷ ஸ்கூல் ஃபீஸ் போய்விடும். அதனால் வாடகை.

போய் நின்றதும் சுவர் நிறைய ஒரு சிறுத்தைப் படம். "இது நான் எடுத்ததுங்ணா, வால்பாறையில" என்றார் கடைக்காரர். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார், பொள்ளாச்சிப் பக்கம் என்றேன். "அட, நம்ம பக்கம்ங்ணா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. பாப்பாவுக்கு ஒரு சின்ன கேமரா பொம்மை கீ செயின் கொடுத்தார். எந்த நேரத்துக்குப் போனால் யானை கிடைக்கும், மாயார் ஆற்றுப் பக்கம் எப்போது வெளிச்சம் நன்றாக விழும் என்று பத்து நிமிஷம் பேசினார். எல்லாம் சரியான தகவல்தான், அதை மறுக்கமாட்டேன். 150-600 லென்ஸை எடுத்து என் கேமராவில் மாட்டிக் கொடுத்தார். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டட போர்டைப் பார்த்து இரண்டு படம் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. உள்ளே கண்ணாடியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு, குழந்தைக்குப் பொம்மை வாங்கிக்கொண்டு, அப்படிக் கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று ஒரு கூச்சம். "நம்பிக்கைதானுங்ணா எல்லாம். கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துப் போனேன்.

டெபாசிட் 20,000 ஜிபேயில் போட்டேன். கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண் பெயர் வந்தது. "வீட்டு அக்கவுண்டுங்ணா" என்றார். வாடகை 4,400 கையில் பணமாக. ரசீதில் ஏற்கெனவே அச்சடித்த ஒரு வரி: 'பொருள் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு கையெழுத்துக்கு விலை 20,000 ரூபாய் என்று அப்போது தெரியாது.

மறுநாள் விடியற்காலை கிளம்பி, நீலகிரிக்கு வேண்டிய இ-பாஸைக் காட்டிவிட்டு, மேட்டுப்பாளையம், ஊட்டி, பைக்காரா வழியாகக் கூடலூர் இறங்கினோம். ஊசிமலையில் பனி விலகி விலகி மூடியது. அங்கே 18-55 போட்டு எடுத்த படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. அதாவது கேமராவில் கோளாறு இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த லென்ஸ் ஏறக்குறைய இரண்டு கிலோ. கையில் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் தோள் இறங்கிவிடும். வண்டிக்குள் முக்காலி வைக்க முடியாது. அத்தையிடம் சொன்னேன். அவர் ஒரு பழைய தலையணை உறையில் இரண்டு கிலோ ரேஷன் அரிசி போட்டுத் தைத்துக் கொடுத்தார். ஜன்னல் விளிம்பில் அதைப் போட்டு மேலே லென்ஸை வைத்தால் அசையாது. காசு கொடுத்து வாங்கும் பீன் பேக்கை விட அருமை.

தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில்தான் போனோம். மசினகுடிப் பக்கம் ஜீப்காரர்கள் நிறையப் பேர் வழி மறித்து "புலி காட்டுறோம்" என்றார்கள். அவர்களில் பலர் சுற்றிக் காட்டுவது பொதுச் சாலையைத்தான். அதில் ஏமாறவில்லை என்று அன்றைக்குப் பெருமைப்பட்டுக்கொண்டேன் பாருங்கள், அதுதான் சிரிப்பு.

காலை ஆறரை இருக்கும். வெளிச்சம் சரியாக வரவில்லை. அந்த லென்ஸில் 600-க்குப் போனால் வெளிச்சம் நுழையும் துவாரம் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது, அதனால் குறைந்த வெளிச்சத்திலும் படம் பதிய ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி வைத்தேன். படம் ஆடாமல் இருக்க ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கவில்லை. உண்ணிச்செடிப் புதர் ஓரமாக வண்டி போகும்போது பாப்பாதான் முதலில் பார்த்தாள். "அப்பா, நாய்!" செந்நாய். ஒன்றில்லை, ஐந்து. டிரைவர் இன்ஜினை அணைத்தார். நாற்பது அடி தூரம்கூட இருக்காது. செம்மண் நிற உடம்பு, கறுத்த வால், ஒன்று நேராக எங்களைப் பார்த்து நின்றது. ஜன்மத்தில் ஒரு முறை கிடைக்கிற காட்சி. ஷட்டரைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் 'கர்ர்ர்' என்று முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனது. ஃபோகஸ் பிடிக்கவே இல்லை. ஒரு வழியாகப் பிடித்தபோது நாய்க்குப் பின்னால் இருந்த புதரைப் பிடித்தது. இருபது நொடியோ முப்பது நொடியோ, அவை புதருக்குள் போய்விட்டன. என்னிடம் உண்ணிச்செடியின் துல்லியமான படம் பதினான்கு இருக்கிறது.

வெளிச்சம் வந்த பிறகு எடுத்ததும் அப்படித்தான். காட்டுமாடு எருமை மாதிரி மங்கலாக, மந்தி சாம்பல் மூட்டை மாதிரி. சூரியனைப் பார்த்த பக்கமெல்லாம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப் போயிருந்தது. என் கைதான் ஆடுகிறது போல என்று முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். ராத்திரி தங்கின அறையில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் படத்தில் தேறுவது ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் தோன்றியது. மொபைல் டார்ச்சைப் பின்பக்கமாகப் பிடித்து லென்ஸுக்குள் பார்த்தேன். நடுவில் இருக்கும் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை. பூஞ்சை. ஓரத்திலிருந்து கிளம்பிப் பாதிக் கண்ணாடி வரை படர்ந்திருந்தது.

உடனே கடைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இழையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் இல்லை. மறுநாள் மத்தியானம்தான், "கொண்டு வாங்ணா, பேசிக்கலாம்" என்று ஒரு வரி. மிச்சமிருந்த நாளெல்லாம் அந்த இரண்டு கிலோவைப் பெட்டிக்குள் வைத்து, 55-250-ஐ மாட்டிக்கொண்டு சுற்றினேன். தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது எடுத்த படங்கள் அதில் எடுத்ததுதான், அவை பரவாயில்லை.

இப்போது திருப்பிக் கொடுத்த கதை. கடைக்குள் நுழைந்ததும் அந்த மனிதர் முதலில் செய்தது என்ன தெரியுமா? மேசை டிராயரைத் திறந்து ஒரு டார்ச் லைட்டை எடுத்தார். கொடுக்கும்போது வெளியே வராத டார்ச்! உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்ணா, ஃபங்கஸ் வந்திருக்குது. மழையில வெச்சுட்டீங்களா? ஊட்டிப் பனி ஒத்துக்காதுங்ணா" என்றார். நான்தான் அதைப் படம் எடுத்து அனுப்பியதே என்றேன். "அதான் சொல்றனுங்ணா, உங்ககிட்ட இருக்கும்போது வந்திருக்குது" என்றார். ஆடு திருடியவன் உறவு சொல்லி வந்த மாதிரி பேச்சு முழுக்க அண்ணா, அண்ணா.

லென்ஸில் பூஞ்சை என்பது ஈரமும் இருட்டும் சேர்ந்த அலமாரியில் பல வாரம், பல மாசம் கிடந்தால் வருவது. பாதிக் கண்ணாடி அளவுக்கு நான்கு நாளில் படராது. சர்வீஸ் செய்யும் தெரிந்தவர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். இது ஒரு மழைக்காலமாவது பார்த்த பூஞ்சை, ஓரத்தில் கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங் பூச்சையே அரித்திருக்கிறது என்றார். ஃபோகஸ் மோட்டார் இழுப்பது தனிக் கோளாறு. அதைப் பற்றிக் கடைக்காரர் வாயே திறக்கவில்லை.

சர்வீஸுக்கு அனுப்பி செலவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு மீதி டெபாசிட்டைத் தருவதாகச் சொன்னார். சரி என்று வந்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், "ஓனர் சபரிமலைக்கு மாலை போட்டு மலைக்குப் போயிருக்கார்". ஓனரா? அதுவரை இவர்தான் ஓனர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் "பொங்கல் கழிச்சுப் பாக்கலாங்ணா". பொங்கல் கழிந்தது. நேரில் போனேன். ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். பேனாவில் எழுதியது: 'க்ளீனிங், மோட்டார், லேபர்: 19,800.' முத்திரை இல்லை, சர்வீஸ் சென்டர் பெயர் இல்லை, தேதிகூட இல்லை. மீதி இருநூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் கெடுக்காத மோட்டாருக்கும் நானே செலவு கொடுக்கணுமாம். சர்வீஸ் பில்லைக் காட்டுங்கள் என்று கேட்டேன். "நீங்க கையெழுத்துப் போட்டுத்தானுங்ணா எடுத்தீங்க" என்று ரசீதைத் தூக்கிக் காட்டினார். வாசலில் அடுத்து லென்ஸ் எடுக்க இரண்டு காலேஜ் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் டீ சொல்லியிருந்தார்.

அந்த இருநூறையும் நான் வாங்கவில்லை. நேற்று கடைசியாக ஒரு மெசேஜ் போட்டேன், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று. பத்து நிமிஷத்தில் பிளாக். ரூ.24,400 போயே போச்சு. இந்தப் பயணத்தில் முழுசாகத் திரும்பி வந்தது அத்தையின் இரண்டு கிலோ அரிசி மட்டும்தான்.

சரி, எச்சரிக்கை என்று சொன்னேனே. லென்ஸைக் கையில் வாங்கியதும் முதல் வேலை, இரண்டு பக்க மூடியையும் கழற்றி மொபைல் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அவர் எதிரிலேயே வீடியோ எடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போதும் எடுங்கள். கூச்சப்படாதீர்கள். இரண்டு படம் எடுத்துத் திரையில் பார்த்தால் போதாது. தெருவில் போகிற வண்டியை இருபது படமாவது எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 'நல்ல நிலையில்' என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டெபாசிட் கடை பெயரில் இல்லாத கணக்குக்குப் போகிறது என்றால் திரும்பி நடந்துவிடுங்கள். ஆதார் அசலைக் கொடுக்காதீர்கள். நான் நகல்தான் கொடுத்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

கேமராவில் என்ன செட்டிங் வைப்பது, எந்த மாசம் போவது என்றெல்லாம் எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனசில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம். இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜிபே பதிவு, வாட்ஸ்அப், அந்தத் துண்டுச் சீட்டு, எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துவிட்டேன். வாடகை 4,400-க்கு மட்டும் சாட்சி இல்லை, கையில் கொடுத்தது. ரசீதில் அந்தத் தொகையை அவர் எழுதவே இல்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.