காட்பாடி ஞாயிற்றுக்கிழமை கிட்டார் வகுப்பு: கட்டைவிரல் தேறிவிடும், மீதிக்கு நீங்கள்தான் மெனக்கெட வேண்டும்

காட்பாடி காந்தி நகரில் ஒரு மாடி அறையில் நடக்கும் எட்டு வார ஃபிங்கர்ஸ்டைல் (கம்பிகளை விரல்களால் தனித்தனியாக மீட்டும் முறை) வகுப்பைப் பற்றி வேலூரில் கிட்டார் வாசிப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அங்கே போனா ஸ்விங் வருமா?" ஸ்விங் என்றால் சுரங்கள் சமமாக விழாமல் நீளமும் குட்டையுமாக ஆடி நடக்கும் தாளம். அது வரும். எந்த வேகத்தில் வரும், யாருக்கு வரும் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

எட்டு ஞாயிறு, மாலை 3 முதல் 4.30 வரை. கட்டணம் 3,200 ரூபாய், குழுவுக்கு எட்டுப் பேர். காலையில் வைத்தால் பாதிப் பேர் வர முடியாது. சேருகிறவர்களில் கணிசமானோர் சபையில் பாடற்குழுவுக்கு வாசிப்பவர்கள். மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். ராணிப்பேட்டை, குடியாத்தத்திலிருந்து கிட்டார் பையோடு பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. எட்டு ஓப்பன் கார்டாவது (சில கம்பிகளை அழுத்தாமல் விட்டுப் பிடிக்கும் சுரக்கூட்டு) தெரிந்திருக்க வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கை நிற்காமல் மாற வேண்டும். இல்லையென்றால் பணம் வீண். சேர்க்கும்போது இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, அது முதல் குறை.

முதல் மூன்று வாரம் கட்டைவிரல் மட்டும்தான். அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் பெயரால் வழங்கும் பாணி இது: கட்டைவிரல் இரண்டு பேஸ் (கனத்த ஒலி தரும் தடித்த) கம்பிகளுக்கிடையே மாறி மாறி நடக்கும், மெலடியை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும். டிராவிஸ் பெரும்பாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகவே வாசித்தவர். வகுப்பிலும் ஆறாம் வாரம் வரை அந்த இரண்டு விரல்தான். மூன்று விரல் வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் இந்த முறை சரியானது.

கம்பிகளை மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒன்று முதல் ஆறு என்று எண்ணுவார்கள், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். சி கார்டில் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், நான்காம் கம்பி இரண்டாம் ஃப்ரெட். 5-4-5-4, நான்கு பீட்டுக்கு நான்கு அடி. கேட்க எளிது. இதில் பாம் மியூட் (உள்ளங்கை விளிம்பால் கம்பியின் ஒலியை அடக்குவது) சேரும்போதுதான் வேலை ஆரம்பம். வலது கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பு, கம்பிகள் சேடிலை (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) விட்டு எழும்பும் இடத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் முன்னால் போனால் சுருதியே கேட்காது, மரத்தைத் தட்டின மாதிரி 'டொக் டொக்' என்று விழும். பின்னால் போனால் பேஸ் முழங்கி மெலடியை விழுங்கிவிடும். சரியான இடத்தில் 'தும்' என்று பிறந்து உடனே அடங்கும். கை 6, 5, 4 கம்பிகளை மட்டும் தொட வேண்டும். விளிம்பு நேராகப் படுத்துவிட்டால் மூன்றாம் கம்பியும் செத்துவிடும், அதனால் மணிக்கட்டைச் சற்றே சாய்க்க வேண்டும். ஆசிரியர் எட்டுப் பேரிடமும் நடந்து போய், கையைப் பிடித்து இந்த மூன்று மில்லிமீட்டரைத் திருத்துகிறார். கட்டணத்தில் பாதி இதற்கே சரியாய்ப் போயிற்று என்று சொல்லலாம். வீடியோ பார்த்து இதைப் பழகுவது கஷ்டம்.

மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் தட்டிக் காட்டும் கருவி) விஷயத்திலும் வகுப்பு கறார். 80 வேகத்துக்கு, அதாவது நிமிடத்துக்கு 80 பீட்டுக்கு, மெட்ரோனோமை 40-இல் வைத்து, அந்தச் சத்தத்தை இரண்டாம், நான்காம் பீட்டாக எண்ண வேண்டும். கைதட்டல் விழும் இடம் அது. நாலைந்து சுற்றிலேயே காது ஏமாற்றும். சத்தம் வருவதையே 'ஒண்ணு' என்று எடுத்துக்கொண்டு எல்லாம் தலைகீழாகும். வாய்விட்டு எண்ணுவதுதான் மருந்து: சத்தத்தோடு "ரெண்டு", இடைவெளியில் "மூணு", அடுத்த சத்தத்தோடு "நாலு", அதற்கடுத்த "ஒண்ணு"வில் கட்டைவிரலை இறக்குவது. இன்னொன்று, ஐந்தாம் கம்பி தடிமன் என்பதால் ஒன்றும் மூன்றும் தானாகவே ஓங்கி ஒலிக்கும். நான்காம் கம்பியை வேண்டுமென்றே ஒரு பிடி கூடுதலாக அடிக்கப் பழக்குகிறார்கள். சபையில் வருடக்கணக்கில் ஸ்ட்ரம் செய்து (எல்லாக் கம்பியையும் சேர்த்து வருடி), முதல் பீட்டிலேயே கையை ஓங்கிப் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த இடம் இரண்டு வாரம் பிடிக்கும்.

நான்காம் வாரம் ஸ்விங். சொல்லித்தரும் வழி அருமை. ஒரு பீட்டுக்கு ஒரு 'தகிட'. 'த'வில் கட்டைவிரல், 'கி'யில் மௌனம், 'ட'வில் ஆள்காட்டி விரல். அவ்வளவுதான். ஒரு பீட்டைச் சம பாதியாக வெட்டாமல் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று வெட்டுவதுதான் ஸ்விங்கின் அடிப்படைக் கணக்கு. ஆடி மாதம் பம்பைச் சத்தத்தில் வளர்ந்த வட்டாரம் இது, தகிடவை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பலருக்கு முதல் நாளே வந்துவிடுகிறது.

வந்தது சரியா என்பதுதான் கேள்வி. அடிக்கடி நடக்கும் தவறு, 'ட'வைத் தாமதித்து அடுத்த 'த'வின் வாசற்படியில் கொண்டுபோய் வைப்பது. அப்போது அது தகிட அல்ல. தகதிமியின் 'த'வும் 'மி'யும்தான், அதாவது மூன்றுக்கு ஒன்று. கேட்பதற்கு ஜட்கா வண்டிக் குதிரை போல இருக்கும். நீள சுரத்தை 'கி' வரை ஒலிக்க விடாமல் இடது கை விரலைத் தூக்கி வெட்டிவிடுவதும் இதே குதிரையைத்தான் கொண்டுவரும். 'கி'யில் மௌனம் என்றால் புதிதாக எதையும் அடிக்கக் கூடாது என்றுதான் பொருள், ஒலிக்கிற சுரத்தை அணைப்பது என்று பொருளல்ல. வகுப்பில் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு குறை கொஞ்சம் பெரியது. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைச் சட்டம் மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நடு வேகத்துக்குத்தான் பொருந்தும். 120 வேகத்தில் ஒரு பீட் 500 மில்லி செகண்ட். நீள சுரம் 333, குட்டைச் சுரம் 167, நன்றாக மூச்சு விடும். 240 வேகத்தில் பீட்டே 250 தான். அதே விகிதத்தில் குட்டைச் சுரம் 83-க்கு வந்துவிடும். அந்த நெருக்கத்தில் விரல் பதறும், காதுக்கும் விக்கல் போலக் கேட்கும். தேர்ந்தவர்கள் வேகம் ஏற ஏற விகிதத்தைத் தளர்த்துவார்கள். மிக வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும், ஸ்விங்கின் வாசனையை அழுத்தம் மட்டுமே தாங்கும். கடைசி வாரம் 180 வேகத்தில் எல்லோரையும் வாசிக்கச் சொல்லும்போது அறையில் எட்டு ஜட்கா ஓடுவது இதனால்தான். வீட்டில் செய்ய வேண்டியது: 120 வரை தகிடவைக் கெட்டியாகப் பிடிக்கலாம், 160-க்கு மேல் அதை விட்டுவிட்டுக் கட்டைவிரலின் இரண்டு, நான்கை மட்டும் நம்பலாம்.

ஏழாம் வாரம் சின்கோபேஷன், அதாவது பீட் விழாத இடத்தில் மெலடியை அழுத்துவது. வகுப்பு தடுமாறுவது இங்கேதான், தவறு மாணவர்கள் மேல் இல்லை. நான்கு பீட்டை எட்டு அரைப் பீட்டாகப் பிரித்து 3+3+2 என்று மெலடியை வைக்கச் சொல்கிறார்கள்; அதற்கும் 'தகிட தகிட தக' என்றே சொல் கொடுக்கிறார்கள். மூன்று வாரமாக ஒரு பீட்டுக்குள் அடங்கியிருந்த தகிட, சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றரைப் பீட்டாக நீண்டுவிடுகிறது! ஒரே சொல்லுக்கு இரண்டு அளவு. மிருதங்கம் படித்தவர்கள் நடை (ஒரு பீட்டை எத்தனையாகப் பிரிப்பது என்பது) மாறியதைப் புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் கட்டைவிரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவார்கள்.

இதற்கு எண்ணே போதும். ஒன்றிலிருந்து எட்டு வரை சமமாக எண்ணுங்கள். கட்டைவிரல் 1, 3, 5, 7. விரல் 1, 4, 7. ஆக ஒன்றிலும் ஏழிலும் இரண்டும் சேர்ந்து கிள்ளும். நான்கில் விரல் தனியாக வரும். முதலில் 60 வேகத்தில், ஸ்விங் இல்லாமல், சமமாக. கட்டைவிரல் அசையாமல் நின்ற பிறகு மட்டும் பீட்டுக்கொரு தகிடவுக்குத் திரும்புங்கள். அப்போது அந்த நான்காம் இடம், இரண்டாம் பீட்டின் 'ட'வில் போய் உட்காரும். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எதுவும் நிற்காது.

அடுத்தது சுரத்தை முன்கூட்டி வைப்பது. அடுத்த சுற்றின் முதல் பீட்டில் வர வேண்டிய மெலடி அரைப் பீட் முந்தி எட்டாம் இடத்தில் வந்துவிடும், முதல் பீட்டில் கட்டைவிரல் மட்டும் இறங்கும். அதீத எடுப்பில் பாட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ருசி தெரியும். அங்கே முந்துவது பாட்டின் தொடக்கம், இங்கே நடுவில் ஒற்றைச் சுரம். சிக்கல் இடது கையில். சியிலிருந்து ஜிக்குப் போகிறோம், மெலடி முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கார்டையும் எட்டாம் இடத்திலேயே மாற்றினால், ஒலித்துக்கொண்டிருக்கும் சியின் பேஸ் அறுந்துவிடும். மாற்றாமல் காத்திருந்தால் மெலடிக்கு விரல் இல்லை. வழி இது: சி கார்டு அப்படியே இருக்க, எட்டாம் இடத்தில் சுண்டுவிரலை மட்டும் முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்து அடியுங்கள். முதல் பீட்டில் சுண்டுவிரல் நகராது, நடுவிரல் நான்காம் கம்பியிலிருந்து ஐந்துக்கும், மோதிரவிரல் ஐந்திலிருந்து ஆறுக்கும், அதே ஃப்ரெட்களில் ஒரு கம்பி மேலேறும், ஆள்காட்டி எழுந்துகொள்ளும். மெலடி அறாமல் ஜி வந்துவிட்டது. சியிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட் இரண்டு கார்டுக்கும் பொது, அந்தச் சுரத்தை முந்தி வைக்க எந்த விரலையும் நகர்த்த வேண்டாம். அதிலிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும். வகுப்பில் எடுத்த எடுப்பிலேயே சி-எஃப் கொடுக்கிறார்கள்.

கொடுக்கும் டேப் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் குறிக்கும்) தாள்கள் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தவை. கட்டைவிரல் சுரத்தையும் மெலடியையும் பிரித்துக் காட்டுவதில்லை, ஸ்விங் குறியும் இல்லை. சிவப்புப் பேனாவால் பேஸை வட்டமிட்டுக்கொள்வது நல்லது. கட்டைவிரல் மெலடியோடு ஓடுகிறதா என்று பார்க்க, போனில் பதிவு செய்து பேஸை மட்டும் காதில் பின்தொடருங்கள். நடை எங்கே நொண்டுகிறதோ அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தனியாக எடுத்துப் பழகினால் போதும்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரயில் போகும்போது மெட்ரோனோம் கேட்காது. கை இல்லாத நாற்காலிகள், அது நல்லது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம், தாள் பறக்கும். அங்கே இரவல் தரும் இரண்டு கிட்டாரிலும் கம்பி உயரம் (ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி) பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் மூன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாது. ஆறாம் கம்பிக்கு இரண்டரை, முதல் கம்பிக்கு இரண்டு இருந்தால்தான் சுண்டுவிரல் வேலை சொன்னபடி நடக்கும். சொந்தக் கிட்டாரையே கொண்டுபோங்கள். 12 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) கம்பி போட்டிருந்தால் சற்று மெல்லிய 11-க்கு இறங்குங்கள். வேலூர் வெயிலில் வியர்வைக் கை, வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைக்காவிட்டால் பேஸ் கம்பிகளின் பளிச்சென்ற ஒலி சீக்கிரம் மங்கிவிடும். பாம் மியூட்டில் அது நன்றாகவே தெரியும். தம்ப் பிக் (கட்டைவிரலில் மாட்டி மீட்டும் வளையம்) அங்கே கிடைக்காது, வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

ஏழாம், எட்டாம் வாரங்களை அடுத்த குழுவோடு திரும்ப உட்கார்ந்து படிக்க அனுமதி உண்டு, கூடுதல் கட்டணம் இல்லை. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.